காருக்கு முட்டுச்சந்து, சைக்கிளுக்கு வழி

கார் வராத பாதை என்று எந்த வரைபடத்திலும் தனியாகக் குறித்திருக்காது. தேடித்தான் எடுக்க வேண்டும். தேடுவதற்கு நல்ல அடையாளம் ஒன்று உண்டு: காருக்கு முட்டுச்சந்தாக முடிந்து, சைக்கிளுக்கு மட்டும் தொடர்கிற இடங்கள். தார்ச்சாலை ஒரு கிராமத்தோடு நின்றுவிடும். அதற்கப்பால் ஒரு நடைபாலமோ, தடுப்புக்கட்டையோ, வயலை ஒட்டிய மண்பாதையோ இருக்கும். அதைத் தாண்டினால் அடுத்த ஊரின் சாலை. இந்த இரண்டு சாலைகளிலும் அந்தந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் வர வேலையில்லை. ஒரு நாள் பயணத்தில் இப்படி நான்கைந்து இணைப்புகளைக் கோத்துவிட்டால் எஞ்சின் சத்தம் அபூர்வமாகிவிடும். புது சைக்கிள் வாங்க யோசிக்கும் நேரத்தில் பாதியை வரைபடத்துக்குக் கொடுத்தாலே போதும் என்பது என் கருத்து.

தண்டவாளம் பெயர்க்கப்பட்ட பழைய ரயில் தடங்களும் கால்வாய்க் கரைகளும் இதே வகைதான், இன்னும் சுலபம். சரக்கு ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் அந்தத் தடங்களின் சரிவு பெரும்பாலும் 2, 3 சதவீதத்தைத் தாண்டாது. அமெரிக்காவில் கிரேட் அலெகனி பாசேஜ் என்ற பழைய ரயில் தடம் 240 கிலோமீட்டர் நீளம். கம்பர்லாந்திலிருந்து 729 மீட்டர் உயரத்தில் உள்ள உச்சிக்கு ஏறுவதுதான் அதில் கடினமான பக்கம். அங்கேயே சரிவு 2 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதே கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டன் வரை போகும் சி அண்ட் ஓ கால்வாய்க் கரை 297 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் உயர வித்தியாசம் 184 மீட்டர்தான். கால்வாய்க் கரையில் கால் வலிக்காது, ஆனால் மரநிழல் அடர்ந்த இடங்களில் மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் குட்டைகள் காயாமல் கிடக்கும். ரயில் தடத்தில் சுரங்கங்களைப் பற்றி முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அலெகனி தடத்தில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பிக் சாவேஜ் சுரங்கத்தைக் குளிர்காலம் முழுக்க மூடிவிடுவார்கள்.

மண்பாதையின் தரத்துக்கு, பொதுமக்களே சேர்ந்து தொகுக்கும் இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ‘டிராக்டைப்’ குறியைப் பாருங்கள். கிரேடு 1 கெட்டித்தளம், 2 சரளை, 3 கெட்டியும் மண்ணும் கலந்தது, 4 பெரும்பாலும் மண், 5 வெறும் மண் அல்லது புல்தரை. மூட்டையோடு போகிறவருக்கு 3 வரை நிம்மதி. 4-ஐக் காய்ந்த காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 5 என்றால் தள்ளிக்கொண்டு போகும் தூரம் என்றே கணக்கெழுதுங்கள். அந்தக் குறியை யாரோ என்றோ போட்டிருப்பார்கள், அதற்குப் பிறகு எத்தனையோ மழை பெய்திருக்கும். ஒரு படி மோசமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வது நல்லது. தனியார் நிலம் என்ற குறி இருக்கிறதா, வனத்துறை அனுமதி வேண்டுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஏற்றத்தைச் சம உயரக் கோடுகளை எண்ணித் தெரிந்துகொள்ளலாம். 20 மீட்டர் இடைவெளியில் கோடு போட்ட வரைபடத்தில், ஒரு கிலோமீட்டருக்குள் பாதை ஐந்து இடைவெளிகளைத் தாண்டினால் 100 மீட்டர் ஏற்றம், அதாவது 10 சதவீதம். சரளையில் அந்தச் சரிவுக்கு எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் பிடி இல்லாமல் சுழலும். உட்கார்ந்தபடியே மிதிக்க முன்பல்சக்கரத்தைவிடப் பின்னால் பல் அதிகம் வேண்டும்: முன்னால் 30 என்றால் பின்னால் 36 அல்லது 42. தூரக் கணக்கும் மாறும். தார்ச்சாலையில் நாளைக்கு 80 கிலோமீட்டர் போகிறவர் காட்டுப் பாதையில் 45 என்று திட்டமிட்டால் பொழுது சாயும் முன் போய்ச் சேரலாம்.

டயரில் காற்றை அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அதிகபட்ச அளவுவரை அடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. 75 கிலோ ஆள், 15 கிலோ சைக்கிள், 12 கிலோ மூட்டை, 47 மில்லிமீட்டர் டயர், உள்ளே ட்யூப் என்றால் முன்னால் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), பின்னால் 36 என்று தொடங்கலாம். கல்லில் ரிம் ‘டக்’கென்று இடித்தால் 3 கூட்டுங்கள். கைக்கு ஒவ்வொரு கல்லும் தெரிந்தால் 2 குறையுங்கள். மெலிந்த டயர் மாட்டியிருந்தால் இந்த எண்கள் பொருந்தாது, அதற்கு இன்னும் அதிகம் வேண்டும்.

பாதை அமைதியாக இருந்தால் சைக்கிள் போடும் சத்தம் தனியாகக் கேட்கும். சாலையில் காதில் விழாத கிரீச்சும் கடகடவும் காட்டுக்குள் பத்து நிமிடத்தில் எரிச்சல் மூட்டும், மிருகங்களையும் விரட்டிவிடும். அதில் பாதி, ஏதோ ஒன்று கழன்றுகொண்டிருக்கிறது என்று சொல்கிற சத்தம். கேரியரை ஃபிரேமோடு பிணைக்கும் போல்ட்டுகள்தான் முதலில் தளரும்; குலுங்கும் பாதையில் முதல் நாளே தளரும். கிளம்பும் முன் அவற்றைக் கழற்றி, மரையில் நீல நிற லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி விட்டு முடுக்கிவிடுங்கள், பிறகு தினமும் காலையில் கை வைத்து ஆட்டிப் பாருங்கள். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் பெடல், கிராங்க், செயின் பக்கம் தேடுங்கள். மிதிக்காமல் உருளும்போதும் வந்தால் சக்கரம், மட்கார்டு, மூட்டை. சீட்டில் உட்காரும்போது முனகினால் சீட் கம்பியை உருவி, துடைத்து, மெல்லிய கிரீஸ் தடவிச் செருகினால் போய்விடும். கம்பி கார்பன் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்று உள்ள பசைதான். செயினுக்கு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய், சில நிமிடம் கழித்து வெளியில் நிற்பதையெல்லாம் துணியால் துடைப்பது. துடைக்காமல் விட்ட எண்ணெய் புழுதியைப் பிடித்து உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்க்கும். பையில் ஸ்பேனரையும் பம்பையும் பழைய பனியனில் சுற்றி வைத்தால் மிச்சச் சத்தமும் அடங்கும், அந்தத் துணி செயின் துடைக்கவும் ஆகும்.

காட்டில் முள் குத்தாத நாள் குறைவு. டயரை மாட்டும்போதே அதன் பெயர் அச்சடித்த இடம் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். ட்யூபில் ஓட்டையைக் கண்டதும் வால்விலிருந்து எத்தனை சாண் என்று அளந்து, டயரில் அதே இடத்தில் தேடினால் முள் அங்கேயே இருக்கும். அதை எடுக்காமல் ஒட்டினால் அடுத்த வளைவிலேயே மறுபடி இறங்குவீர்கள். உள்பக்கம் தடவும்போது விரலை மெதுவாக நகர்த்துங்கள், துணியால் தடவினால் முள் நூலைப் பிடித்துக் காட்டிக்கொடுக்கும். ஒரே ஓட்டை என்றால் முள். பக்கம் பக்கமாக இரண்டு என்றால் காற்று குறைந்து ரிம் கடித்தது. அங்கே முள்ளைத் தேடிப் பயனில்லை, அடுத்த முறை காற்றைக் கூட்ட வேண்டும். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, பேட்ச்சைவிடப் பெரிய வட்டமாகச் சொல்யூஷனை மெலிதாகத் தடவி, ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஈரப் பளபளப்பு மறைந்த பிறகே பேட்ச். ஒட்டிய பேட்ச் பெயர்வதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த ஐந்து நிமிடம் பொறுக்காததுதான். அவசரமென்றால் மாற்று ட்யூபைப் போட்டுவிட்டு, ஒட்டுவதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

களிமண் பாதையில் மழை பிடித்தால் ஓட்டவே வேண்டாம். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே மண் அப்பி சக்கரம் நின்றுவிடும், அதையும் மீறி அழுத்தி மிதித்தால் செயினைப் பல்சக்கரம் மாற்றும் பின் டிரெய்லர் (derailleur) ஸ்போக்கில் சிக்கி அதைத் தாங்கும் ஹேங்கர் ஒடியும். ஹேங்கர் ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறுபடும், வழியில் கிடைக்காது. உங்கள் சைக்கிளுக்குரியது ஒன்றைத் திருகோடு சேர்த்துப் பையில் வையுங்கள். சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்திருந்தால், மிகப்பெரிய பின்பல்சக்கரத்துக்கு மாற்றும் முன் பின்னால் நின்று ஹேங்கர் உள்ளே வளைந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் காட்டோடையைவிட வயல்வெளி வாய்க்கால்தான் ஆபத்து. 0.1 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவை நிறுத்தும், பூச்சிமருந்தை நிறுத்தாது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. பயிர் நடுவே போகும் நாளில் குழாயோ கிணறோ இருக்கும் ஊர்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, அங்கேதான் நிரப்ப வேண்டும். காட்டு நீரைக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் வைத்தால் போதும், 2000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். குழல் வகை வடிகட்டியை ஒருமுறை நனைத்துவிட்டால் உறைபனி இரவில் தூங்கும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நிற்கும் நீர் உறைந்தால் குழல்கள் வெடிக்கும், அது வெளியில் தெரியாது.

சத்தமில்லாத சைக்கிளுக்கு ஒரு பொறுப்பும் உண்டு. நடப்பவரைப் போலக் காலடிச் சத்தம் இல்லாமல், அவரைவிட வேகமாக வந்துவிடுவதால் மிருகம் நம்மை அறிவதற்குள் பக்கத்தில் போய் நிற்போம். மறுபக்கம் தெரியாத வளைவுக்கு முன் மணியை இரண்டு முறை அடித்துவிட்டு வேகத்தைக் குறையுங்கள். அதிகாலையிலும் அந்தியிலும் பேசிக்கொண்டே போவது நல்லது. மிருகம் எதிரே நின்றால் நீங்களும் நில்லுங்கள், அது போகட்டும். வெட்டுமரம் ஏற்றும் லாரிகள் வார நாட்களில் வனச்சாலையில் வரும்; அந்தச் சாலைகளை விடுமுறை நாளுக்கு ஒதுக்கிவிடலாம்.

மேய்ச்சல் நிலத்தில் கேட் மூடியிருந்தால் மூடியபடி, திறந்திருந்தால் திறந்தபடி விட்டுப் போக வேண்டும். திறந்திருப்பது மாடுகள் தண்ணீருக்குப் போவதற்காக இருக்கலாம். குழுவாகப் போனால் முன்னால் போகிறவர் திறப்பார், பின்னால் வருகிறவர் தனக்குப் பின்னும் ஆள் உண்டு என்று விட்டுவிடுவார். அதனால் கடைசி ஆள் யார் என்று காலையிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.