பாஸ்டனில் குடியுரிமை எடுத்த கதை

2023-ல் குடியுரிமைக்கான விண்ணப்பமான என்-400 படிவத்தை ஆன்லைனில் போட்டேன். அப்போது கட்டணம் 725 டாலர். படிவத்தில் அதிக நேரம் எடுத்தது பயணப் பட்டியல்தான். கடந்த ஐந்து வருடத்தில் அமெரிக்காவை விட்டுக் கிளம்பிய தேதி, திரும்பிய தேதி எல்லாம் வேண்டும். பாஸ்போர்ட் முத்திரைகளையும் பழைய டிக்கெட் மின்னஞ்சல்களையும் வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். கிரீன் கார்டு கையில் இருப்பவர்கள் இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவைக்கத் தொடங்கிவிடுங்கள். கைரேகை எடுப்பது பத்து நிமிட வேலை.

அப்புறம் அமெரிக்க வரலாறு, ஆட்சிமுறை பற்றிய தேர்வு. எனக்கு இருந்தது பழைய முறை. நூறு கேள்விகள் முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள், நேர்காணலில் பத்து வரை கேட்பார்கள், ஆறு சரியாக இருந்தால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகள். இருபது கேட்டு, பன்னிரண்டு சரியாக வரவேண்டும்.

முதல் வாரம் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்தது மாதிரி மனப்பாடம் செய்தேன். ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன். 'குடியேறியவர்கள் ஏன் பிரிட்டிஷாரோடு போரிட்டார்கள்?' கொடுத்திருக்கும் பதில்களில் ஒன்று, அவர்களுக்குத் தன்னாட்சி இல்லை என்பது. ஆனால் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் 1619-லேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஒரு தேவாலயத்தில் சபை கூடியிருக்கிறார்கள். மாசசூசெட்ஸில் 1630-களிலிருந்தே ஊர்ப் பிரதிநிதிகள் சபைக்கு வந்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேல் தங்களைத் தாங்களே ஆண்டவர்களுக்குத் தன்னாட்சி இல்லை என்றால் எப்படி? தேடியதில் 1774-ம் வருடச் சட்டம் ஒன்று கிடைத்தது. பாஸ்டன் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியதற்குத் தண்டனையாக, லண்டன் நாடாளுமன்றம் மாசசூசெட்ஸின் ஆலோசனை சபையை அரசர் நியமிக்கும் சபையாக மாற்றியது. ஊர்க்கூட்டத்தையும் அனுமதி இல்லாமல் வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் கூட்டக்கூடாது என்றது. கையில் இருந்ததைப் பிடுங்கியதால் வந்த கோபம் அது. இது புரிந்த பிறகு அந்தப் பதிலை நான் மனப்பாடம் செய்யவேண்டி இருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு டார்செஸ்டரில் உள்ள காமன்வெல்த் அருங்காட்சியகத்துக்குப் போனேன். மாசசூசெட்ஸ் விரிகுடாக் கம்பெனிக்கு முதலாம் சார்லஸ் அரசர் 1629-ல் கொடுத்த பட்டயம் அங்கேதான் இருக்கிறது. தோலில் கையால் எழுதியது. அதில் இருப்பது ஒரு கம்பெனியின் அமைப்பு. ஒரு கவர்னர், ஒரு துணை கவர்னர், பதினெட்டு உதவியாளர்கள், வருடத்துக்கு நாலு முறை 'ஜெனரல் கோர்ட்' என்ற பெயரில் உறுப்பினர் கூட்டம். இன்றைய பேச்சில் சொன்னால் சேர்மன், டைரக்டர்கள், பங்குதாரர் கூட்டம். கூட்டம் எந்த ஊரில் நடக்கவேண்டும் என்று பட்டயத்தில் எழுதவில்லை. அதனால் 1630-ல் கம்பெனியின் கவர்னர் ஜான் வின்த்ரோப்பும் கூட வந்தவர்களும் பட்டயத்தையே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். பங்குதாரர் கூட்டம் கடல் தாண்டி வந்து சட்டமன்றமாகிவிட்டது. மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு இன்றும் ஜெனரல் கோர்ட் என்றுதான் பெயர்.

அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். என் அப்பா முப்பது வருடம் 'கோட்டைக்குப் போயிட்டு வரேன்' என்று காலையில் கிளம்பியவர். சென்னைத் தலைமைச் செயலகத்தில் வேலை. அந்தக் கோட்டையைக் கட்டியதும் இதே மாதிரி 1600-ல் அரசப் பட்டயம் வாங்கிய கம்பெனிதான். அதன் பங்குதாரர் கூட்டம் கடைசிவரை லண்டனிலேயே நடந்தது. மதராஸில் இருந்தவர்களுக்கு அதில் ஒரு வாக்கும் கிடையாது. காகிதம் எந்தக் கரையில் இருந்தது என்பதால் எவ்வளவு மாறிப்போயிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு இரண்டு அவைகள் என்பதை என் மகள் ஒரு பன்றியை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். பாஸ்டனில் ஷெர்மன் என்ற ஏழைப் பெண்ணின் பன்றி தொலைந்துபோனது. ராபர்ட் கீன் என்ற பணக்கார வியாபாரி அதைக் கொன்றுவிட்டார் என்று வழக்கு. 1642-ல் அது ஜெனரல் கோர்ட் வரை போனது. ஊர்ப் பிரதிநிதிகளில் பெரும்பான்மையினர் அவள் பக்கம், உதவியாளர்களில் பெரும்பான்மையினர் அவர் பக்கம். இழுபறி முற்றி, 1644-ல் இரு தரப்பும் தனித்தனி அவைகளாக உட்கார ஆரம்பித்தன. லண்டனில் பிரபுக்கள் அவையும் மக்கள் அவையும் இருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள்தான். பிரிந்து உட்கார ஒரு காரணம் வேண்டியிருந்தது, பன்றி கிடைத்தது.

படிக்கப் படிக்க ஒன்று மனசை அறுத்தது. 1790-ல் வந்த முதல் குடியுரிமைச் சட்டம் 'சுதந்திரமான வெள்ளையருக்கு' மட்டும். 1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் அதில் வரமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1946-ல்தான் நமக்குக் கதவு திறந்தது. நூறு கேள்விகளில் இது இல்லை. இருந்திருக்க வேண்டும்.

நேர்காணல் இருபது நிமிடம். அதிகாரி ஒரு நடுவயதுப் பெண்மணி, நிதானமாகப் பேசினார். பயணப் பட்டியலில் ஒரு தேதியை நான் தப்பாகப் போட்டிருந்தேன். பயந்துவிட்டேன். அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து அங்கேயே திருத்திக்கொண்டார், அவ்வளவுதான். 'சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன?' என்று கேட்டபோது 'ஆள்பவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்' என்றேன். 1215-ல் ரன்னிமீட் புல்வெளியில் பிரபுக்கள் ஜான் அரசரை மடக்கி மாக்னா கார்ட்டாவில் முத்திரை வைக்கச் செய்தது கண் முன்னால் வந்தது. ஆறு கேள்வி, ஆறும் சரி. ஒரு வாக்கியம் படிக்க, ஒரு வாக்கியம் எழுத. முடிந்தது.

உறுதிமொழி ஏற்பு பேனுவல் ஹாலில். 1742-ல் கட்டிய கட்டடம். வரிக்கு எதிரான கூட்டங்கள் நடந்த அதே மண்டபம். கட்டிக்கொடுத்த பீட்டர் பேனுவல் அடிமை வியாபாரத்திலும் சம்பாதித்தவர் என்பதும் தெரிந்துதான் உள்ளே போனேன். வலது கையைத் தூக்கி, 'எந்த அந்நிய இளவரசர், பொடென்டேட், அரசு, இறைமை' ஆகியவற்றுக்கும் இருந்த விசுவாசத்தை விட்டுவிடுகிறேன் என்று சொல்லவேண்டும். பொடென்டேட் என்றால் பெரும் அதிகாரம் படைத்த ஆட்சியாளர். குடியரசு நாட்டில் எதற்கு இளவரசர்? 1689-ம் வருட ஆங்கிலேய உரிமைச் சாசனத்தில் உள்ள உறுதிமொழியில் இவற்றில் முதல் மூன்று சொற்களும் வருகின்றன. அங்கே அது போப்பாண்டவரின் அதிகாரத்தை மறுக்க எழுதியது. முந்நூறு வருடத்துக்கு மேல் பழையதான அந்தச் சொற்களைச் சொல்லும்போது என் குரல் நடுங்கியது.

வெளியே வந்து, சில நிமிட நடையில் இருக்கும் பழைய அரசு மாளிகைக்குப் போனோம். கூரையின் இரு பக்கமும் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும், பிரிட்டிஷ் அரச சின்னம். படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"என்னம்மா, ராஜா சின்னத்தை இன்னுமா வச்சிருக்காங்க?"

1776 ஜூலை 18 அன்று இந்த மாடத்திலிருந்து சுதந்திரப் பிரகடனத்தை வாசித்ததும் அதையெல்லாம் கழற்றி எரித்துவிட்டார்கள், 1882-ல் மறுபடி செய்து வைத்தார்கள், இப்போது இருப்பது 1901-ல் செய்தது என்று சொன்னேன்.

"அவங்களே எரிச்சுட்டு, அவங்களே திரும்ப வச்சாங்களா?"

"ஆமாம்ப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், இந்தியப் பாஸ்போர்ட்டை எப்போது ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டார். விண்ணப்பம் இனிமேல்தான் போடவேண்டும் என்றேன்.