நின்றே பழுதான ஜெனரேட்டர்

ஜனவரி 11

வந்து இறங்கிவிட்டது. அரை டன்னுக்கு மேல் எடை. அடியில் இரும்புக் குழாய்களைக் கொடுத்து நான்கு பேர் உருட்டியும் கொட்டகை வாசலைத் தாண்ட ஒரு மணி நேரம் பிடித்தது. ராணுவம் கழித்து ஏலத்தில் விட்ட டீசல் ஜெனரேட்டர். தகட்டில் 1994, 10 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.8 என்று இருக்கிறது. நான்கு சிலிண்டர், தண்ணீரால் குளிரும் எஞ்சின். பச்சைப் பெயின்ட் உரிந்த இடத்தில் மணல் நிறம், அதற்கும் அடியில் மறுபடி பச்சை.

மணிக்கணக்கு மீட்டர் காட்டுவது 412. "முப்பது வருடத்தில் இவ்வளவுதான் ஓடியிருக்கிறது, உனக்கு யோகம்தான்" என்றான் தம்பி. எனக்கு அதுதான் பயம். ஓடித் தேய்ந்த எஞ்சினில் எது போயிருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். நின்றுகொண்டே இருந்ததில் எது வேண்டுமானாலும் போயிருக்கலாம்.

ஜனவரி 12

கதவுகளைத் திறந்ததும் எலிக்கூடு. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் பஞ்சும் வைக்கோலும். வயர்களை அதிகம் கடிக்கவில்லை, இரண்டே இடம். ஒவ்வொரு வயரின் மீதும் சில அங்குலத்துக்கு ஒரு முறை எண் அச்சிட்டிருக்கிறார்கள். சர்க்யூட் வரைபடம் பேனல் கதவின் உள்பக்கத்திலேயே இருக்கிறது. இருட்டில், அவசரத்தில், நேற்றுச் சேர்ந்த சிப்பாய் ஒருவன் பழுது பார்க்க வேண்டும் என்று நினைத்துச் செய்த பொருள் இது. வீட்டுக்கென்று விற்கும் ஜெனரேட்டர்களைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்தப் பொறாமை புரியும்.

பேனலில் சிவப்பு மூடி போட்ட ஒரு சுவிட்ச். பெயர் 'பேட்டில் ஷார்ட்'. ஆயில் அழுத்தம் குறைந்தாலோ சூடு ஏறினாலோ எஞ்சின் தானாக நிற்க வேண்டும். இதைப் போட்டால் நிற்காது. சண்டை நடக்கும்போது எஞ்சின் செத்தாலும் பரவாயில்லை, கரண்ட் போகக்கூடாது என்ற கணக்கு. என் வீட்டில் ஃப்ரிட்ஜுக்காக எஞ்சினைப் பலி கொடுக்கத் தேவையில்லை. மூடியைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டேன்.

ஜனவரி 19

டேங்க். மூடியைத் திறந்ததும் வார்னிஷ் வாடை. அடியில் தண்ணீர், அதற்கு மேல் கறுப்புக் கூழ். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் நுண்ணுயிர்கள் வளர்கின்றன. அந்தச் சளிதான் ஃபில்டரை அடைக்கும். டேங்கைக் கழற்றி, ஒரு கை நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, மூன்று முறை கழுவினேன். ரப்பர் ஹோஸ்கள் கையில் உடைந்தன. எரிபொருள், தண்ணீர் இரண்டுக்கும் எல்லா ஹோஸ்களையும் புதிதாக மாற்றியாயிற்று. இதில் சிக்கனம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

ஜனவரி 25

மழை. பேட்டரிகள் சார்ஜ் ஏறின, அவ்வளவுதான். இது 24 வோல்ட் இயந்திரம். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக. கொட்டகை விளக்குக்கு ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் என்ன என்று தம்பி கேட்டான். எடுத்தால் ஒன்று குறையும், மற்றது அதிகமாகச் சார்ஜ் ஏறி வேகும், ஒரு வருடத்தில் இரண்டும் போகும்.

பிப்ரவரி 1

குளோ பிளக்குகளை (குளிர்ந்த எஞ்சின் பற்றுவதற்காகச் சிலிண்டருக்குள் சூடேற்றும் பிளக்குகள்) கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, கிராங்க்கை ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றினேன். முதல் கால் சுற்று வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். சுற்றியது. எங்கும் தட்டவில்லை. பிஸ்டன் வளையங்கள் ஒட்டிப் பிடிக்கவில்லை என்பதே பாதி வெற்றி.

அதன் பிறகு ஆல்டர்னேட்டர், அதாவது மின்சாரத்தை உண்டாக்கும் பகுதி. வோல்ட்டேஜ் ரெகுலேட்டரைத் துண்டித்துவிட்டு (துண்டிக்காமல் வைத்தால் மின்காப்பைச் சோதிக்கும் மெக்கர் கருவியின் 500 வோல்ட்டில் அது கருகும்) வைண்டிங்கின், அதாவது உள்ளே சுற்றிய கம்பிகளின், மின்காப்பைச் சோதித்தேன். 0.4 மெகா ஓம். ஒன்றுக்குக் கீழே இருந்தால் ஓட்டக்கூடாது. ஈரம்தான் காரணமாக இருக்க வேண்டும். வேறு காரணமாக இருந்துவிட்டால் ரீவைண்டிங். அதை இன்று நினைக்க விருப்பமில்லை. உள்ளே இரண்டு 100 வாட் குண்டு பல்புகளை வைத்து, மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். இடையிடையே கையை வைத்துப் பார்ப்பேன்.

பிப்ரவரி 3

18 மெகா ஓம்! பல்புகளுக்கு நன்றி.

பிப்ரவரி 9

டீசல் எஞ்சினில் ஏர் பிடித்தால், அதாவது எரிபொருள் பாதையில் காற்று புகுந்தால், என்ன பாடு என்பதை முழுவதும் கற்றேன். ஃபில்டரின் ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்தி, குமிழ் வருவது நிற்கும்வரை விட்டு, இறுக்கி, அடுத்து இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். அங்கே கசியும் இடத்தில் விரலை வைக்கவே கூடாது. ஓடும்போது இன்ஜெக்டரிலிருந்து பீச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

காற்று நுழையும் வாய்க்குப் பக்கத்தில் ஒரு பலகையைத் தயாராக வைத்திருந்தேன். டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பம்ப் ரேக் ஒட்டிக்கொண்டு எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓட ஆரம்பித்தால் சாவியைத் திருப்பிப் பயனில்லை. காற்றை அடைத்தால்தான் நிற்கும்.

பலகை தேவைப்படவில்லை. முதலில் வெள்ளைப் புகை, ஒரு சிலிண்டர் மட்டும் இருமியது, பிறகு இரண்டு, பிறகு நான்கும். ஆயில் அழுத்தம் உடனே ஏறியது. மனைவி சன்னலைச் சாத்திவிட்டுக் கொட்டகைக்கு வந்து பார்த்தாள். வோல்ட் மீட்டர் முள் மட்டும் பூஜ்யத்திலேயே கிடந்தது.

பிப்ரவரி 15

எஞ்சின் ஓடுகிறது, ஆனால் ஒரு வாரமாக ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் வரவில்லை. டெர்மினலில் அளந்தால் 3 வோல்ட். சுழலும் பாகமான ரோட்டரில் மிச்சம் இருக்கும் காந்தத்தால் வருவது அது. ரெகுலேட்டர் விழித்துக்கொள்ளப் போதாது. டயோடுகளைச் சோதித்தேன், நன்றாக இருந்தன. ஆல்டர்னேட்டரின் காந்தத்துக்கு மின்சாரம் கொடுக்கும் எக்ஸைட்டரின் வைண்டிங்கும் நன்றாக இருந்தது. ரெகுலேட்டர்தான் போயிற்று என்று முடிவு கட்டி அதைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

மனைவி பேனல் கதவில் இருந்த தகட்டை வாசித்துக்கொண்டு நின்றாள். "வோல்ட்டேஜ் ஏறும்வரை ஸ்டார்ட் சுவிட்சைப் பிடித்திருக்கவும் என்று எழுதியிருக்கிறதே, நீங்கள் பிடித்தீர்களா?"

நான் பிடிக்கவில்லை. காரில் பழகிய கை. எஞ்சின் பற்றியதும் விட்டுவிடும். இந்த இயந்திரத்தில் ஸ்டார்ட் நிலையில் இருக்கும்போதுதான் பேட்டரியிலிருந்து எக்ஸைட்டர் ஃபீல்டுக்கு மின்சாரம் போய் காந்தத்தை எழுப்புகிறது. ரெகுலேட்டரைத் திரும்ப மாட்டினேன், ஸ்டார்ட் செய்தேன், எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகும் விடாமல் பிடித்தேன். இரண்டே நொடியில் முள் எழுந்து 230ஐத் தாண்டி ஆடி நின்றது.

நான் ஒன்றும் பேசவில்லை. அவளும் பேசவில்லை, அது இன்னும் மோசம்.

பிப்ரவரி 23

கவர்னர், அதாவது எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம். நான்கு துருவ ஆல்டர்னேட்டர் ஆகையால் 50 ஹெர்ட்சுக்கு நிமிடத்துக்கு 1,500 சுற்று. மின் சுமை ஏற ஏற வேகம் கொஞ்சம் இறங்கும், அது அதன் இயல்பு. சுமை இல்லாதபோது 51.5 ஹெர்ட்சில் வைத்திருக்கிறேன். முழுச் சுமையில் 50க்கு வந்து நிற்கட்டும்.

வீட்டு இணைப்பை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விட்டேன். நடுவில் ஆஃப் நிலை உள்ள சேஞ்ச் ஓவர் சுவிட்ச்: தெரு மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும். அது இல்லாமல் ஜெனரேட்டர் வயரை நேரே வீட்டு பிளக் பாயின்ட்டில் செருகும் வித்தை தெரிந்தவர்கள் உண்டு. அப்போது கரண்ட் தெருக் கம்பிக்கும் திரும்பிப் போகும். மின்சாரம் போயிருக்கும் நேரத்தில் தெருக் கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு அந்த வித்தை எமன். புகைக்குழாயைக் கொட்டகைக்கு வெளியே, சன்னல்களுக்கு எதிர்ப்பக்கமாக நீட்டியாயிற்று.

மார்ச் 8

இந்த மாதத்தின் தலைவலி: இயந்திரம் பெரிது, வீடு சின்னது. இரவில் எங்கள் சுமை 700 வாட். 10 கிலோவாட் டீசலுக்கு அது ஒன்றுமே இல்லை. சிலிண்டர் சூடேறாது, டீசல் முழுதாக எரியாது, எரியாதது கரியும் எண்ணெயுமாகச் சைலன்சரில் சேர்ந்து சொட்டும். இரண்டு மணி நேரம் அப்படி ஓட்டிய பிறகு புகைக்குழாய் முனையில் கறுப்புக் குழம்பு ஒழுகியதைப் பார்த்தேன். முப்பது சதவீதச் சுமையாவது வேண்டும் என்பார்கள். வென்னீர் ஹீட்டர் 3 கிலோவாட். அதையும் சேர்த்தால் 37 சதவீதம். சேர்த்து ஓட்டியதில் முக்கால் மணி நேரத்தில் புகை நிறமற்றுப் போனது. மணிக்கு ஏறக்குறைய 2 லிட்டர் டீசல். வென்னீர் ஓசி என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை.

மார்ச் 21

இரவு 11.20க்கு மின்சாரம் போனது. டார்ச்சோடு ஓடினேன். குளோ பிளக் அரை நிமிடம், ஸ்டார்ட், பிடி, பிடி, 230. சுவிட்சைத் திருப்பினேன். வீடு முழுதும் வெளிச்சம். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பன்னிரண்டு நிமிடத்தில் தெருவிளக்கு எரிந்தது. மின்சாரம் திரும்பிவிட்டது. ஆனால் எஞ்சின் சூடேறவே இல்லை. இப்படியே நிறுத்தினால் மறுபடி கரி. ஹீட்டரைப் போட்டுவிட்டுக் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

11.50க்கு மாடியிலிருந்து மனைவியின் குரல்: "தெருவுக்கே கரண்ட் வந்துவிட்டது. அதை எதற்கு இன்னும் ஓட்டுகிறீர்கள்?"

"இன்னும் பதினைந்து நிமிடம்" என்றேன்.