குறட்டையில் தொடங்கி அண்ணத்துச் சாவி வரை

என் மகனுக்கு ஏழு வயது நடந்தபோது, ராத்திரியில் அவன் மூச்சை எண்ணிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. மல்லாந்து படுத்தாலும் குறட்டை, ஒருக்களித்துப் படுத்தாலும் குறட்டை. தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்தபடி தூங்குவான். தலையணை உறை எச்சிலில் நனைந்தே இருக்கும். நடுவில் குறட்டை சட்டென்று நிற்கும். நெஞ்சுக்குழி மட்டும் உள்ளே வாங்கும், மூச்சு வராது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். ஒன்பது பத்து வரும்போது உடம்பைத் தூக்கிப்போட்டு, ஒரு பெரிய மூச்சு இழுத்துவிட்டுப் புரண்டு படுப்பான்.

“பிள்ளை அசந்து தூங்குறான், நீ ஏன் முழிச்சுக்கிட்டு கண்ணு வைக்கிறே?” என்பார் என் மாமியார். குழந்தை குறட்டை விட்டால் அது ஆழ்ந்த தூக்கம் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். ஆனால் காலையில் அவனை எழுப்புவது பெரும் பாடு. கண்ணுக்குக் கீழே கருவளையம். நாலு வயதில் நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி வந்தது. வகுப்பில் ஒன்று தூங்கி வழிகிறான், இல்லாவிட்டால் ஓரிடத்தில் உட்காராமல் சேட்டை செய்கிறான் என்று டீச்சர் இரண்டு முறை கூப்பிட்டுச் சொன்னார். இவை எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதைக் கண்டுபிடித்தவர் ஒரு பல் டாக்டர். சொத்தைப் பல்லை அடைக்கத்தான் திருச்சி தில்லைநகருக்குக் கூட்டிப்போனோம். அடைத்து முடித்ததும், “தம்பி, பின்பல்லை நல்லா கடி” என்றார். வலது பக்கம் மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய் உட்கார்ந்திருந்தன. கிராஸ் பைட் என்றார். அப்புறம் கண்ணாடியை வைத்து அண்ணத்தைக் காட்டினார். மேலே குறுகி, கோயில் வளைவு மாதிரி உயரமாக இருந்தது. அடுத்த கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்டார்: “நைட்ல குறட்டை விடுவானாம்மா? வாயைத் திறந்துதான் தூங்குவானா?”

அழுகை வந்துவிட்டது எனக்கு. இத்தனை நாளில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அவர் சொன்ன விளக்கம் இன்றும் மனதில் இருக்கிறது. வாயின் கூரைதான் மூக்கின் தரை. வாயை மூடி மூக்கால் மூச்சு விடும் குழந்தைக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருக்கும், மேல்தாடை அதற்கேற்ப அகலமாக வளரும். மூக்கு அடைத்து வாயால் மூச்சு விட ஆரம்பித்தால் நாக்கு கீழே இறங்கிவிடும். கன்னம் இரண்டு பக்கமும் அழுத்த, மேல்தாடை குறுகும். கூரை குறுகினால் மூக்கின் உள்வழியும் குறுகும். அதனால் வாய் இன்னும் திறக்கும்.

“ஆனா நான் இப்போ ஒண்ணும் செய்யப்போறதில்லை. முதல்ல இ.என்.டி., அதாவது காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க, ராத்திரி அவன் தூங்குறதை வீடியோ எடுத்துக்கிட்டுப் போங்க” என்றார். சட்டையைக் கழற்றி, நெஞ்சும் வாயும் தெரிகிற மாதிரி, சத்தத்தோடு இரண்டு நிமிடம் எடுத்தேன். நான் வாயால் சொன்ன எதையும்விட அந்த வீடியோ இ.என்.டி. டாக்டரிடம் அதிகம் பேசியது.

பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வீங்கி, காற்று போகும் வழி ஒரு கோடாக மெலிந்திருந்தது. தொண்டையில் டான்சில் வீக்கம் மூன்றாம் கிரேடு. மூக்கில் அடிக்கும் ஸ்பிரே ஆறு வாரம் போட்டோம், கொஞ்சம்தான் குறைந்தது. பிறகு ஸ்லீப் ஸ்டடி. சின்னக் குழந்தைகளுக்கு அதைச் செய்யும் இடம் பக்கத்தில் எங்களுக்கு அமையாததால், மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனோம். தலையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டி, மூக்கில் குழாய் வைத்து ஒரு ராத்திரி முழுக்கப் பதிவு செய்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்பதுதான் கணக்கு. குழந்தைகளில் 1-க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். அவனுக்கு 8.

டான்சிலையும் அடினாய்டையும் எடுக்க ஆபரேஷன் என்றதும் நாங்கள் தயங்கினோம். இ.என்.டி. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரை 464 குழந்தைகளை வைத்து நடத்தி, 2013-ல் வெளியான ஆய்வைப் பற்றிச் சொன்னார். டான்சிலும் அடினாய்டும் எடுத்தவர்களில் 79 சதவீதம் பேருக்கு ஏழு மாதத்தில் ஸ்லீப் ஸ்டடி சீராகியிருந்தது. எடுக்காமல் காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குச் சீராகியிருந்தது. எல்லாக் குழந்தைக்கும் உடனே கத்தி வைக்கத் தேவையில்லை, ஆனால் இவனுக்கு இருக்கும் சிரமத்துக்குக் காத்திருப்பதை நான் விரும்பமாட்டேன் என்றார். இரண்டு பக்கத்தையும் சொன்னதால்தான் எங்களுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

அதற்குள் இன்னொரு இடத்துக்கும் போனோம். அங்கே தொண்டையைப் பார்க்கவே இல்லை. “ஆபரேஷனே வேண்டாம், தாடையை விரிச்சா குறட்டை நின்னுடும்” என்று சொல்லி ஒரு பேக்கேஜ் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். கத்தி இல்லை என்றதும் என் கணவர் பாதி சம்மதித்துவிட்டார். நல்லவேளையாகப் பழைய பல் டாக்டரிடம் கேட்டோம். அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட்கள் (க்ளிப் போடும் டாக்டர்கள்) சங்கம் 2019-ல் வெளியிட்ட அறிக்கையைச் சொன்னார்: பல் டாக்டர் தூக்க மூச்சுத் திணறலை முதலில் சந்தேகப்படலாம், சந்தேகப்படவும் வேண்டும்; ஆனால் அதை உறுதி செய்வது மருத்துவரின் வேலை; தாடையில் தேவை இல்லாதபோது மூச்சுக்காக மட்டும் விரிக்கக் கூடாது. “இவனுக்குத் தாடையிலும் தேவை இருக்கு. ஆனா வரிசை முக்கியம்” என்றார். என்னைக் கேட்டால், இந்த அலைச்சலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அந்த ஒரு வாக்கியம்தான்.

மே மாத விடுமுறையில் ஆபரேஷன் முடிந்தது. பத்து நாள் தொண்டை வலி, வாயில் ஒரு நாற்றம், தயிர்சாதம், ஐஸ்கிரீம். மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி வீடு அமைதியாக இருக்க, பயந்துபோய் அவன் மூக்கருகே கை வைத்துப் பார்த்தேன். படுக்கை நனைப்பும் நின்றது.

ஆனால் சில மாதங்களில் வாய் மறுபடி திறந்தது. லேசான குறட்டை. இரண்டாவது ஸ்லீப் ஸ்டடியில் 3. இப்போது தாடையின் முறை.

க்ளிப் போடும் ஆர்த்தோடான்டிஸ்ட் எட்டு வயதுக் குழந்தைக்கு என்ன செய்வார் என்று என் கணவருக்குச் சந்தேகம். பால்பல் எல்லாம் விழட்டும், பன்னிரண்டு வயதில் பார்க்கலாம் என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். க்ளிப்புக்கு அது சரியாக இருக்கலாம், அண்ணத்தை விரிப்பதற்கு அப்படி இல்லை. மேல்தாடை வலது, இடது என்று இரண்டு எலும்பு. நடுவில் தையல் மாதிரி ஒரு இணைப்பு. சிறு வயதில் அது இளகி இருக்கும், வயது ஏற ஏற இறுகிவிடும். பெரியவர்களுக்குப் பல நேரம் ஆபரேஷன் வரை போக வேண்டிவரும். இது புது வித்தையும் இல்லை, 1860-லேயே சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் இப்படி விரித்துக் காட்டி எழுதியிருக்கிறார் என்றார் டாக்டர். அதைக் கேட்ட பிறகுதான் என் கணவர் தலையசைத்தார்.

முதலில் கடைவாய்ப் பல் இடுக்கில் நீல ரப்பர் வளையம் வைத்தார்கள். ஒரு வாரம் கழித்து, அளவெடுத்துச் செய்த எக்ஸ்பாண்டர் என்ற அண்ணத்தை விரிக்கும் கருவியைச் சிமென்ட் வைத்து ஒட்டினார்கள். இரண்டு பக்கப் பற்களையும் பிடித்த உலோக வளையங்கள், நடுவில் அண்ணத்துக்குக் கீழே ஒரு திருகு. அதில் ஒரு துளை. சின்ன ஊசி மாதிரி ஒரு சாவியை அந்தத் துளையில் விட்டு, முன்னாலிருந்து பின்னால் தள்ள வேண்டும். ஒரு தள்ளுக்குக் கால் மில்லிமீட்டர். தினமும் ராத்திரி ஒன்று, மொத்தம் 28.

முதல் நாள் என் கை நடுங்கியது. அவன் என் மடியில் தலை வைத்து வாயைத் திறக்க, கணவர் செல்போன் டார்ச் பிடித்தார். சாவி நழுவி வாய்க்குள் விழுந்துவிடாமல் இருக்க அதன் முனையில் பல் நூலைக் கட்டி என் விரலில் சுற்றிக்கொண்டேன். இதை டாக்டர் சொல்லித் தந்தார், யாரும் விட்டுவிடாதீர்கள். முழுக்கத் தள்ளினால்தான் அடுத்த துளை தெரியும். ஒரு நாள் பாதியில் சாவியை எடுத்துவிட்டேன். மறுநாள் துளையே தெரியவில்லை, டாக்டரிடம் ஓடினோம். விட்டதைப் பிடிக்கிறேன் என்று நீங்களாக ஒரே நாளில் இரண்டு சுற்றாதீர்கள் என்று அப்போது சொன்னார்.

தள்ளியதும், “மூக்குக்கு மேல, புருவத்துக்கு நடுவுல என்னவோ பண்ணுதும்மா” என்பான். ஐந்து நிமிடத்தில் போய்விடும். ஆனால் ‘ச’ சொன்னால் காற்று ஒழுகியது. எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. அவலும் தேங்காய்த் துருவலும் திருகுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சித்தான் எடுத்தோம். ஒருமுறை முழுக் கறிவேப்பிலை வந்தது.

ஒன்பதாம் நாள் மேலே முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. மாமியார் பதறிப்போனார். டாக்டருக்கோ சந்தோஷம், தையல் திறந்ததற்கு அதுதான் அடையாளம். எக்ஸ்ரேயில் நடுவில் கறுப்பாக ஒரு முக்கோணம் தெரிந்தது. அந்த இடைவெளி இரண்டு மாதத்தில் தானாக மூடிக்கொண்டது. சாவி போடுவதை நிறுத்திய பிறகும் கருவி ஆறு மாதம் அப்படியே இருந்தது, அந்த இடத்தில் எலும்பு நிரம்ப வேண்டுமே. அவசரப்பட்டு எடுத்தால் பழையபடி குறுகிவிடும்.

போன ஆகஸ்டில் எடுத்தார்கள். வலது பக்கக் கடி சரியாகிவிட்டது. மூன்றாவது ஸ்லீப் ஸ்டடியில் 1-க்குச் சற்று மேல். ஸ்பிரே இன்னும் உண்டு, தூசி அலர்ஜி போகவில்லை. தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்கிறேன். வாய் திறந்திருக்கும் பழக்கத்துக்கு ஒரு பயிற்சி தந்தார்கள். “ன்” என்று சொல்லும்போது நாக்கு நுனி எங்கே படுகிறதோ அங்கேயே வைத்து, உதட்டை மூடி, மூக்கால் மூச்சு விட வேண்டும். டிவி பார்க்கும்போது நான் “ன்” என்றால் அவன் டக்கென்று வாயை மூடுவான். நிரந்தரப் பற்கள் வந்து சேரும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும். பின்னாளில் க்ளிப் வேண்டியிருக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

சின்னவளுக்கு இப்போது நாலு வயது. போன மாதம் சளி பிடித்தபோது குறட்டை ஆரம்பித்தது, சளி போன பிறகும் நிற்கவில்லை. இந்தத் தடவை மாமியாரே கூப்பிட்டு, “வந்து வீடியோ எடு” என்றார். சனிக்கிழமை இ.என்.டி. டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம்.