கிஸ்தி ரசீது

டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து 2025 ஜனவரியில் நாங்கள் சென்ற பேரணி மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்தை நெருங்கியபோது, நரசிங்கம்பட்டியிலிருந்து எங்களோடு வந்த பக்கத்து வீட்டு அப்பத்தா, சுருக்குப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காவலரிடம் நீட்டினார்.

"படிச்சுப் பாருங்க தம்பி, என் பேர்லதான் இருக்கு."

நிலத்துக்குக் கிஸ்தி கட்டிய ரசீது அது. பேரன் வயதிருக்கும் அந்தக் காவலர் அதை முழுவதும் படித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியையும், குடைவரைக் கோயிலும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டும் உள்ள அதன் குன்றுகளையும் சேர்த்தே டங்ஸ்டன் உலோகத்தை வெட்டியெடுக்க 2015.51 ஹெக்டேரை ஒன்றிய அரசு ஏலம் விட்டது.

வரைபடத்தில் கோடு கிழிக்கும் முன் அப்பத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே!

சுரங்கப் பகுதியின் எல்லையை மறு ஆய்வு செய்வோம் என்ற ஒன்றிய அரசின் 2024 டிசம்பர் மாத அறிவிப்பு எங்களுக்குப் போதவில்லை. ஏலம் முழுமையாக ரத்தாக வேண்டும் என்றே கேட்டோம்; 2025 ஜனவரியிலேயே அது ரத்தானது.