இஸ்திரிப் பெட்டியின் அடியில் உருகி ஒட்டியதை எடுத்துப் பார்த்த அனுபவம்

வீட்டில் தையல் பழகி வருவதால் இஸ்திரிப் பெட்டி எனக்கு ஊசி நூலுக்கு அடுத்த கருவி. அதனாலேயே, அடியில் துணி உருகி ஒட்டிப்போனது என்று உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் பரணில் ஏற்றிவிட்ட பெட்டிகளைக் கேட்டு வாங்கி, அவற்றின் அடித்தகட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கொஞ்ச காலமாக என் பொழுதுபோக்காக இருந்து வருகிறது. இப்போது கையில் இருப்பவை மூன்று: பூச்சு எதுவும் இல்லாத அலுமினியத் தகடு கொண்ட பழைய கனமான பெட்டி, நான்ஸ்டிக் பூச்சுள்ள இலகுவான பெட்டி, துருப்பிடிக்காத எஃகுத் தகடு கொண்ட நீராவிப் பெட்டி. மூன்றிலும் ஒட்டியிருந்த பொருள் வேறு வேறு. ஒன்றுக்குப் பலித்த வழி மற்றொன்றுக்குப் பலிக்கவில்லை. ஒட்டியது எது, தகடு எது என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் தேய்க்கத் தொடங்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கம்பி நாரும் உப்புத்தாளும் கறையை எடுப்பதற்கு முன்பே தகட்டைக் கீறிவிடுகின்றன. கீறல் விழுந்த தகட்டில் அடுத்த கறை இன்னும் எளிதாகப் பிடித்துக்கொள்கிறது.

வெப்பக் கணக்கைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். துணிகளில் தைக்கப்பட்டிருக்கும் குறிப்புச் சீட்டில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் தகட்டின் சூடு ஏறத்தாழ 110 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. இரண்டு புள்ளி என்றால் ஏறத்தாழ 150, மூன்று புள்ளி என்றால் ஏறத்தாழ 200. பாலியஸ்டர் உருகுவது ஏறத்தாழ 250 டிகிரியில்தான் என்றாலும், அதற்கு வெகு முன்பே அது இளகத் தொடங்கிவிடுகிறது. பெட்டியின் எடையும் கையின் அழுத்தமும் சேரும்போது மெல்லிய வலைத்துணி அந்த இளகிய நிலையிலேயே தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அதோடு, பெட்டி முதன்முதலாகச் சூடேறும்போது, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் தகட்டின் சூடு சிறிது நேரம் ஏறிக்கொண்டேதான் போகும். விளக்கு அணைந்தவுடன் துணியில் வைத்தால் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் விபத்து நடக்கிறது.

அலுமினியப் பெட்டியில் ஒட்டியிருந்தது ஒரு பாலியஸ்டர் வலைத் துப்பட்டா. அந்த வலையின் அறுகோணக் கண்கள்கூடத் தகட்டில் பழுப்பு நிறப் பளபளப்பாகப் பதிந்திருந்தன; முனைப் பக்கம் மட்டும் தடித்துக் கருகிப் போயிருந்தது. முதலில் பெட்டி ஆறிய நிலையில் ஐஸ்கிரீம் குச்சியால் நெம்பிப் பார்த்தேன். குச்சியின் முனை மழுங்கியதே தவிர, கறையில் ஒரு பொட்டும் பெயரவில்லை. நைலான் குறியில் வைத்துச் சூடேற்றியபோது ஓரங்கள் மட்டும் சிறு செதில்களாகத் தெறித்தன. காட்டன் குறிவரை ஏற்றியபோது கதையே மாறியது: கறை இளகி, குச்சியோடு நூல் நூலாக இழுபட்டு, சுத்தமாக இருந்த பகுதியிலும் பூசிக்கொண்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்க வேண்டும் என்று தோன்றவே, காட்டன் குறிவரை சூடேற்றி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டி ஆறிக்கொண்டு வரும்போது குச்சியைத் தகட்டோடு படுக்கைவாட்டில் சாய்த்துத் தள்ளிக்கொண்டே இருந்தேன். சூடு குறையக் குறைய, இழுபட்டுக்கொண்டிருந்த கறை ஒரு கட்டத்தில் செருப்புத் தோலைப் போல விறைத்தது. அப்போது குச்சிக்கு முன்னால் அது சுருண்டு சுருண்டு பட்டையாக எழும்பி வந்தது. அந்த நிலை சில நிமிடங்களே நீடிக்கும். அது கடந்ததும் மறுபடி சூடேற்றி, மறுபடி பிளக்கைப் பிடுங்கித் தொடர வேண்டும். பொறுமைதான் இதில் முக்கியம். குச்சி கருகினால் புதுக் குச்சி எடுத்துக்கொள்ள வேண்டும், கத்தியை எடுக்கக் கூடாது. சுரண்டும் நேரம் முழுவதும் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன்.

தடித்த பகுதி போன பிறகு எஞ்சிய மெல்லிய படலத்துக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, முற்றிலும் ஆறிய தகட்டில் பழைய வேட்டித் துணியால் தேய்த்தேன். சோடா மென்மையான தூள் என்பதால் அலுமினியத்தைப் பெரிதாகக் கீறுவதில்லை. ஆனால் அதைத் தகட்டில் பூசி ஊற வைப்பதையும், சூடான தகட்டில் தடவுவதையும் நான் தவிர்க்கிறேன். காரத்தன்மை உள்ள எதுவும் அலுமினியத்தை மங்கச் செய்து கருமையேற்றிவிடும். தேய்த்தவுடன் ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும்.

முனையில் இருந்த கருகலுக்கு இது எதுவும் போதவில்லை. அங்கேதான் பலரும் சொல்லும் பாராசிட்டமால் மாத்திரை முறையைச் செய்து பார்த்தேன். பாராசிட்டமால் ஏறத்தாழ 170 டிகிரியில் உருகும். எனவே பெட்டியைக் கம்பளிக் குறிக்கும் காட்டன் குறிக்கும் இடையில் சூடேற்றி, பிளக்கைப் பிடுங்கி, சிறிய இடுக்கியால் மாத்திரையைப் பிடித்துக் கருகலின்மேல் மெல்ல அழுத்தினேன். மாத்திரையின் விளிம்பு தெளிந்த திரவமாக உருகிப் பரவியது. கருகலைத் தொட்ட இடத்தில் அந்தத் திரவம் தேன் நிறமாகி, பிறகு காப்பி நிறமாக மாறியது. உடனே பல மடிப்பாக மடித்த பருத்தித் துணியால் துடைத்தபோது, துணியில் கரும்பழுப்புப் பட்டை ஒன்று விழுந்து, தகட்டில் உலோகத்தின் வெள்ளை தெரிந்தது. பாலியஸ்டரையும் நைலானையும் ஆய்வகங்களில் கரைப்பதற்கு ஃபீனால் வகைச் சேர்மங்களைப் பயன்படுத்துவதுண்டு. பாராசிட்டமாலும் வேதி அமைப்பில் ஒரு ஃபீனால்தான் என்பதால், உருகிய நிலையில் அது வெறும் ஈரமாக இல்லாமல் கரைப்பானாகவே வேலை செய்கிறது என்று கருதுகிறேன்.

இந்த முறை நன்றாக வேலை செய்கிறது. இருந்தும், நான் இதைக் கடைசியாகத்தான் எடுப்பேன். மாத்திரை உருகும்போது எழும் புகை கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். ஜன்னல்களைத் திறந்து வைத்து, குழந்தைகளையும் இழைப்பு உள்ளவர்களையும் அந்த அறையிலிருந்து அனுப்பிவிட்டுத்தான் செய்ய வேண்டும். விரலால் மாத்திரையைப் பிடிக்கவே கூடாது, உருகிய துளி தோலில் பட்டால் கொப்பளித்துவிடும். நீராவித் துளைகள் உள்ள பெட்டியில் இது வேண்டவே வேண்டாம். திரவம் துளைக்குள் இறங்கினால் திரும்ப எடுப்பது கடினம்.

எஃகுத் தகட்டு நீராவிப் பெட்டியில் ஒட்டியிருந்தது துணியே அல்ல. கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பையின்மேல் சூடான பெட்டியை யாரோ வைத்துவிட்டார்கள். துணிபோல் தோன்றும் இந்தப் பைகள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக். ஏறத்தாழ 160 டிகிரியிலேயே உருகிவிடும், அதாவது சாதாரண காட்டன் சூடே அதற்கு அதிகம். இதைச் சூடேற்றி எடுக்கப் போனால் உருகியது துளைகளுக்குள் போகும் என்று அஞ்சினேன். பாலிப்ரொப்பிலீனுக்கு ஒரு குணம் உண்டு: பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும்போது அது தன் வளையும் தன்மையை இழந்து நொறுங்கக்கூடியதாகிவிடும். மேலும், குளிரும்போது பிளாஸ்டிக் எஃகைவிடப் பல மடங்கு அதிகமாகச் சுருங்கும். எனவே ஐஸ் கட்டிகளைக் கெட்டியான பாலித்தீன் கவரில் போட்டுக் கட்டி, பெட்டியைத் தலைகீழாக நிறுத்தி, தகட்டின்மேல் வைத்தேன். நன்றாகச் சில்லிட்ட பிறகு குச்சியால் ஓரத்தைத் தட்டியபோது, நகத்தளவுத் துண்டு ஒன்று ‘டக்’கென்று பெயர்ந்து விழுந்தது. பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வேலை தடையின்றி நகர்ந்தது. பெட்டியையே ஃபிரீசருக்குள் வைப்பதை நான் ஏற்கவில்லை. வெளியே எடுத்ததும் மின்பாகங்களில் ஈரம் படியும். ஐஸ் வைத்த பெட்டியையும் ஒரு நாள் முழுக்கக் காய விட்ட பிறகுதான் பிளக்கில் செருகினேன்.

நான்ஸ்டிக் பெட்டி எளிதாக முடிந்தது. காலருக்கும் கழுத்துப் பட்டிக்கும் வைக்கும் ஒட்டு கேன்வாஸின் பசைதான் அதில் படிந்திருந்தது. துணியில் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே குறைந்த சூட்டில் இளகும்படி செய்யப்படும் பசை இது. சில்க் குறியில் சூடேற்றி, மெழுகுவர்த்தியைப் பழைய பருத்தித் துணியில் தேய்த்து, அந்தத் துணியின்மேல் பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டியதும் பசை மெழுகோடு கலந்து துணிக்கு வந்துவிட்டது. மெழுகின் மிச்சம் போகும்வரை சுத்தமான துணியில் மறுபடி ஓட்ட வேண்டும். பூச்சு உரிந்துவிட்டால் திரும்பப் பெற வழியில்லை என்பதால் இந்தத் தகட்டில் சோடாவைக்கூட நான் பயன்படுத்தவில்லை.

வேட்டி சேலைக்குப் போடும் கஞ்சி தீய்ந்த பழுப்புக்கு இத்தனை ஏற்பாடும் தேவையில்லை: பிளக்கைப் பிடுங்கி ஆறிய பெட்டியை, பிழிந்த ஈரத்துணியின்மேல் சில மணி நேரம் நிறுத்தி வைத்தால் கஞ்சி ஊறி, துடைக்கும்போதே வந்துவிடும். வினிகரைப் பலரும் எல்லாவற்றுக்கும் பரிந்துரைக்கிறார்கள். உருகிய பிளாஸ்டிக்கை அது தொடுவதே இல்லை. உப்புத் தண்ணீரால் நீராவித் துளைகளில் படியும் வெள்ளைப் படிவுக்கு மட்டும், வினிகரில் நனைத்த பஞ்சுக்குச்சி நன்றாகப் பயன்பட்டது. நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன் பாலியஸ்டரைக் கரைக்காது. பெட்டியின் பிளாஸ்டிக் உடலைக் கெடுக்கும், சூட்டில் தீப்பிடிக்கவும் செய்யும். சட்டைகளில் வரும் ரப்பர் போன்ற தடித்த அச்சுப்படம் ஒட்டியிருந்தால் அதை அதிகச் சூட்டில் எரித்து எடுக்கப் பார்க்கக் கூடாது. அவற்றில் பல பிவிசி என்னும் பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தவை, கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும்.

வேலை முடிந்த ஒவ்வொரு பெட்டியையும் காட்டன் சூட்டில் வைத்து, ஈரம் தெளித்த பழைய வெள்ளைத் துணியில் அழுத்தி ஓட்டிப் பார்க்கிறேன். துணியில் நிறம் ஏதும் ஏறாமல், பெட்டி இடறாமல் ஓடினால் அது பயன்பாட்டுக்குத் தயார். அலுமினியப் பெட்டியின் முனையில் இன்னும் ஒரு மஞ்சள் நிழல் தெரிகிறது. நகத்தால் வருடினால் மேடு தட்டுப்படவில்லை, வெள்ளைத் துணியிலும் அது இறங்கவில்லை. உலோகத்திலேயே ஏறிவிட்ட நிறமாற்றம் அது என்பதால், மேற்கொண்டு தேய்க்காமல் அதை அப்படியே விட்டு, பெட்டியை உரியவரிடம் கொடுத்துவிட்டேன்.