வெண்ணெய்நல்லூரில் ஒரு வாய்தா நாள்

விழுப்புரத்தில் எங்கள் பாகப்பிரிவினை வழக்குக்கு அன்று வாய்தா. காலையிலேயே போய்க் காத்திருந்து, வழக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போய்விட்டதென்று வக்கீல் வந்து சொன்னபோது மணி பதினொன்றரை ஆகியிருந்தது. வீட்டுக்குத் திரும்ப மனம் வரவில்லை. பேருந்து நிலையத்தில் புறப்படத் தயாராக நின்ற வண்டியின் பலகையில் திருவெண்ணெய்நல்லூர் என்றிருந்ததைப் பார்த்து ஏறிக்கொண்டேன். அதைப் பக்தி என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வராது. வெயிலுக்கு ஒதுங்க ஒரு கோயில் கிடைக்கும் என்ற எண்ணம்தான்.

வழக்கைத் தொடுத்தவள் என் தங்கை. அப்பா காலமான பிறகு நிலத்தில் தனக்குரிய பங்கைக் கேட்டாள், நான் கொடுக்கவில்லை. அப்பா எதையும் எழுதி வைக்கவில்லை என்று எதிருரையில் கையெழுத்தும் போட்டிருந்தேன். ஆனால் அவர் எழுதி வைத்திருந்தார். பத்திரமாகவோ உயிலாகவோ அல்ல. வரவுசெலவு நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள் ஒன்றில், நடுங்கிய எழுத்தில், கிணற்றை ஒட்டிய நிலம் சின்னவளுக்கு என்று நாலு வரி. சட்டத்தின் முன் அந்தத் தாள் எவ்வளவு செல்லும் என்பது வேறு விஷயம். அது அப்பாவின் கையெழுத்து என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிழித்துப் போடத் துணிவில்லாமலும், எடுத்துக் காட்ட மனமில்லாமலும், இரண்டு வருடமாக அதை வழக்குக் கட்டின் அடியில் மடித்து வைத்துக்கொண்டே அலைந்தேன். அன்றும் அது என் பையில் இருந்தது.

விழுப்புரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், தென்பெண்ணைக்குத் தெற்கே இருக்கிறது இந்த ஊர். நடுநாட்டுப் பாடல் பெற்ற தலங்களில் ஒன்று. ஊருக்கு வெண்ணெய்நல்லூர் என்று பெயர் என்றால், கோயிலுக்குத் தேவாரம் இட்ட பெயர் அருட்டுறை. இறைவன் கிருபாபுரீசுவரர், தடுத்தாட்கொண்ட நாதர் என்றும் அழைக்கிறார்கள். அம்பிகை மங்களாம்பிகை. நான் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் தலை நிமிராமலேயே, "நாலு மணிக்கு மேலதான் தொறப்பாங்க. வழக்குத் தீர்த்த மண்டபத்துல நெழலா இருக்கும், போய் ஒக்காருங்க" என்றார். வழக்கைத் தள்ளிவைத்துவிட்டு வந்தவனை அவர் அனுப்பிய இடத்தின் பெயரைக் கேட்டு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

அந்த மண்டபத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் வழக்கைச் சேக்கிழார் பெரிய புராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் என்ற பகுதியில் விரித்துப் பாடியிருக்கிறார். திருநாவலூரில் பிறந்து, நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசரின் அன்பில் வளர்ந்த நம்பியாரூரருக்கு, அதாவது சுந்தரருக்கு, புத்தூரில் சடங்கவி சிவாசாரியாரின் மகளோடு திருமணம். பந்தலில் மங்கல காரியங்கள் தொடங்கவிருந்த நேரத்தில் தள்ளாடித் தள்ளாடி ஒரு கிழ அந்தணர் வந்து நிற்கிறார். எனக்கும் உனக்கும் ஒரு வழக்கு உண்டு, அதை முடித்துவிட்டு மணத்தை நடத்து என்கிறார். உன் பாட்டன் எனக்கு எழுதிக் கொடுத்த ஓலைப்படி நீ என் அடிமை என்கிறார். பந்தலில் இருந்தவர்கள் சிரிக்கிறார்கள். ஓர் அந்தணர் இன்னொரு அந்தணருக்கு அடிமையாவது எங்கே உண்டு, நீர் பித்தரோ என்று கேட்ட மணமகன், கிழவரைத் துரத்திப் பிடித்து, அவர் கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழித்தும் போடுகிறார்.

சிறு வயதிலிருந்து கதாகாலட்சேபங்களில் எத்தனையோ முறை கேட்ட கதைதான் இது. ஆனால் வழக்குக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த மண்டபத்துத் தூணில் சாய்ந்திருந்தபோது, அதுவரை காதில் விழுந்தும் மனத்தில் விழாத ஒரு செய்தி நினைவுக்கு வந்து என்னைத் தூக்கிவாரிப் போட்டது. நம்பியாரூரர் கிழித்தது ஆவணத்தை அல்ல, அதன் நகலான படியோலையை. மூல ஓலை கிழவரிடம் பத்திரமாக இருந்தது.

வெண்ணெய்நல்லூர்ச் சபையார் அந்த வழக்கை விசாரித்த விதத்தையும் சொல்ல வேண்டும். கிழவர் சொன்னதை அவர்கள் அப்படியே நம்பிவிடவில்லை. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறார்கள். அதாவது நடைமுறை வழக்கம், எழுத்துச் சான்று, கண்டவர் சாட்சி. ஓலை வாசிக்கப்படுகிறது. திருநாவலூர் ஆரூரன் ஆகிய நானும், என் வழிவந்தோரும் வெண்ணெய்நல்லூர்ப் பித்தனுக்கு வழித்தொண்டு செய்யக் கடவோம் என்பது அதன் சாரம். பாட்டனுக்கும் ஆரூரன் என்றே பெயர். பாட்டன் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் அருகருகே வைத்து எழுத்தை ஒப்புநோக்குகிறார்கள். எழுத்து ஒத்துப்போகிறது. இன்றைக்கு நீதிமன்றங்களில் கையெழுத்து நிபுணர் செய்யும் வேலையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புலவர் ஒருவர் பக்திக் காவியத்துக்குள் வைத்திருக்கிறார். அப்பாவின் பழைய நோட்டுகள் எத்தனை என் பரணில் கிடக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன்.

தீர்ப்பு கிழவர் பக்கம் ஆனது. உம்முடைய வீடு இவ்வூரில் எங்கே இருக்கிறது என்று சபையார் கேட்க, காட்டுகிறேன் வாருங்கள் என்று அழைத்துப்போனவர் அருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைந்துவிடுகிறார். பின்னால் ஓடிய நம்பியாரூரருக்கு இடபத்தின் மேல் அம்மையோடு காட்சி கிடைக்கிறது. வன்மை பேசியதற்குத் தண்டனை கிடைக்கவில்லை; அந்த வன்மையே வன்றொண்டன் என்ற பெயராகக் கிடைத்தது. நமக்கு அர்ச்சனை பாட்டே, பாடு என்கிறார் இறைவன். எதைச் சொல்லிப் பாடுவேன் என்று தயங்கியவரிடம், பித்தன் என்றாயே, அதையே வைத்துப் பாடு என்கிறார். அப்படிப் பிறந்ததுதான் 'பித்தா பிறைசூடீ' என்று தொடங்கும் பதிகம். ஏழாம் திருமுறையின் முதல் பதிகமும் அதுவே.

பலரும் அந்த முதற்சொல்லையே வியந்து பேசுவார்கள். எனக்கு அன்று உறைத்தது ஈற்றடி. 'அத்தா உனக்கு ஆளாய் இனி அல்லேன் எனலாமே' என்று முதற்பாட்டு முடிகிறது. அடுத்தடுத்த பாட்டுகளும் அந்த 'அல்லேன் எனலாமே'யில்தான் வந்து முடிகின்றன. உனக்கு ஆள் அல்லேன் என்பது பந்தலில் அவர் செய்த எதிர்வாதம். தோற்றுப்போன தன் வாதத்தையே பல்லவிபோல் திரும்பத் திரும்ப எடுத்து, அப்படிச் சொல்லலாமா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். இரண்டாம் பாட்டில், பலநாளும் உன்னை நினையாமல் பேயாய்த் திரிந்து எய்த்தேன் என்கிறார். எய்த்தேன் என்றால் இளைத்துப்போனேன் என்று பொருள். வாய்தாவுக்கு வாய்தா அலைந்தவனுக்கு அந்தச் சொல்லுக்கு உரை தேவைப்படவில்லை.

ஆட்கொள்ளப்பட்ட பின்பும் அவர் மாசற்றவராகிவிடவில்லை என்பதையும் சேக்கிழார் மறைக்கவில்லை. திருவதிகைக்கு அருகே சித்தவட மடத்தில் இரவு உறங்கும்போது, ஒரு கிழவர் தலைமேல் காலை வைக்க, யாரென்று அறியாமல் இடம் மாறி மாறிப் படுத்து, கடைசியில் கடிந்துகொள்கிறார். வெண்ணெய்நல்லூரில் பார்த்த அதே முதுமையை அவரால் அடையாளம் காண முடியவில்லை. பின்னாளில் திருவொற்றியூரில் தாம் மணந்த சங்கிலியாருக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை மீறிக் கண்ணிழந்தவரும் அவரே. இங்கே ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பந்தலில் காத்திருந்த சடங்கவியார் மகள் பிறகு அவரையே நினைந்திருந்து சிவலோகம் அடைந்தாள் என்று புராணம் சுருக்கமாக முடித்துவிடுகிறது. ஆண்களின் வழக்கில் ஓலைகளை ஒப்புநோக்கிய சபை அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் குறை எனக்கு என்றும் உண்டு. அன்று சற்று அதிகமாகவே உறுத்தியது.

இதே ஊரில்தான் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் வாழ்ந்து, 12 சூத்திரங்களில் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தை அருளினார். பெரிய பண்டிதரான சகலாகம பண்டிதர், சிறுவனாக இருந்த மெய்கண்டாரிடம் வந்து, உயிரைப் பற்றிய அழுக்காகச் சைவம் சொல்லும் ஆணவ மலம், அதாவது நான் என்னும் செருக்கு, எப்படி இருக்கும் என்று நின்றபடியே கேட்டாராம். மெய்கண்டார் பேசாமல் அவரையே மேலும் கீழும் பார்த்தாராம். கேட்டவர் அந்த இடத்திலேயே காலில் விழுந்து, அருணந்தி என்ற பெயரோடு மாணவரானார் என்பது சைவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. வாதாட வந்தவர்களையே பிடித்து வைத்துக்கொள்வது இந்த ஊருக்கு வழக்கம் போலிருக்கிறது.

நாலரைக்கு நடை திறந்தது. கூட்டமே இல்லை. இறைவன் கிழவராக வந்தபோது அணிந்திருந்தது என்று இன்றும் போற்றிப் பாதுகாக்கப்படும் பாதுகையைப் பற்றிக் குருக்கள் சொல்லிவிட்டு, விளக்கின் திரியைத் தூண்டினார். வயதான அந்தணர் ஒருவர் வழக்காட அத்தனை தூரம் நடந்து வந்த கால்களை நினைத்துக்கொண்டே நின்றிருந்தேன். கொடுப்பதற்காக வரும் கடவுளை எனக்குத் தெரியும்; கேட்பதற்காக, அதுவும் சான்றோடு வருபவரை அன்றுதான் நேரில் பார்ப்பதுபோல் இருந்தது.

"அர்ச்சனை யார் பேருக்கு?" என்று குருக்கள் கேட்டார். வாயில் வந்தது தங்கையின் பெயர். "நட்சத்திரம்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அம்மா இருந்தவரை அவர்தான் எல்லார் நட்சத்திரத்தையும் சொல்லிவந்தார். ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்கு வந்து, இரண்டு வருடமாக அழைக்காத எண்ணை அழைத்தேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"உன் நட்சத்திரம் என்னம்மா?"

சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை. "உத்திரட்டாதி. எதுக்குண்ணா? எங்கேர்ந்து பேசறே?"

"வெண்ணெய்நல்லூர் கோயில்லேர்ந்து. அப்பா எழுதின தாள் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. ராத்திரி கூப்பிட்டுச் சொல்றேன்."

உள்ளே குருக்கள் தட்டை ஏந்தியபடியே காத்துக்கொண்டிருந்தார். உத்திரட்டாதி என்றேன்.