முழங்கை வரை

செப்டம்பர் 5
நாலரைக்கு முதலாளி பாபா வந்து உலுக்கி எழுப்பினார். தெற்கே மணலை ஒட்டி ஒரு நட்சத்திரம் துடித்துக்கொண்டிருந்தது. “சுஹைல்!” கணக்குப்படி அது உதிப்பது ஆகஸ்ட் 24. அரபுப் பாலைவனத்தின் இந்த வடக்கு மூலையில் கண்ணில் பட இன்னும் பத்து நாள் ஆகுமாம். நம்ம அகத்தியர்தான். ராமநாதபுரத்தில் பனைக்கு மேலே நிற்பவர், இங்கே தரையோடு கிடக்கிறார். இனி ராத்திரி குளிரும் என்றார். பகலில் 45.

செப்டம்பர் 19
வாயிட்டில், அதாவது என் தண்ணி லாரியில், இரண்டு நடை. பின் டயர் தேய்ந்துவிட்டது.

அக்டோபர் 2
லீவு கேட்டேன். “வஸ்ம் மழை வரட்டும்” என்றார் பாபா. வஸ்ம் என்றால் இங்கே அக்டோபரில் தொடங்கும் மழைக்காலம். பச்சை மேய்ந்தால் குளிர்காலத்தில் ஒட்டகம் தண்ணியே கேட்காது. பார்லியும் மிச்சம், நானும் மிச்சம். நியாயம்தான்.

அக்டோபர் 16
வஸ்ம் பிறந்தது. 52 நாள், நாலு நட்சத்திரம், ஆளுக்கு 13. வானம் வெளுத்துக் கிடக்கிறது.

அக்டோபர் 22
ஊரிலிருந்து மனைவி போன். ஐப்பசி அடைமழை, அடுப்படி ஒழுகுகிறதாம். இங்கேயும் இதே வாரம்தான் மழைக் கணக்கு என்று உளறிவிட்டேன். “அப்போ பெய்யுதா?” சிக்னல் போன மாதிரி வைத்துவிட்டேன்.

நவம்பர் 9
பாபாவோடு ரவ்தா என்கிற மேய்ச்சல் பள்ளம் வரை போனேன். காய்ந்த அர்ஃபஜ் புதரின் குச்சியை ஒடித்து உள்ளே பார்ப்பார். பச்சைக் கோடு தெரிந்தால் சாகவில்லை, தூங்குகிறது. ஐந்தாவது செடியில்தான் தெரிந்தது. வஸ்மில் பெய்தால்தான் மண்ணுக்குள் ஃபகா காளான் விளையும். பிந்தி எவ்வளவு கொட்டினாலும் கிடையாது. “மழை இல்லாமல் இல்லை. ஜனவரியில் கொட்டுகிறது, மார்ச்சில் கொட்டுகிறது. ஒரு வருஷத்து மழை ஒரு மத்தியானத்தில். நட்சத்திரம் சரியாகத்தான் வருகிறது.” கொஞ்ச நேரம் கழித்து, “எல்லாம் வெயில் மேல் பழி போடக்கூடாது. தண்ணி லாரி வந்தபின் ஒரே இடத்தில் உட்கார்ந்து நாங்களே மொட்டையடித்தோம்.” என் வண்டியைப் பார்த்தபடி சொன்னார். நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

நவம்பர் 10
இன்றும் இரண்டு நடை.

நவம்பர் 27
மழை! கால் மணி நேரம். ஆலங்கட்டி தகரத்தில் விழுந்த சத்தத்தில் குட்டிகள் மிரண்டு ஓடின. பாபாவின் மகன் வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான். வீட்டுக்குச் சொல்ல நானும் போனை எடுத்துவிட்டேன். பாபா மட்டும் மண்டியிட்டு, மணலுக்குள் முழங்கை வரை கையை இறக்கினார். அவ்வளவு ஆழம் ஈரம் இருந்தால் மேய்ச்சல் உண்டு. வெளியே எடுத்த கையில் மேலே சேறு ஒட்டியிருந்தது. மணிக்கட்டுக்குக் கீழே, விரலெல்லாம் காய்ந்த மணல்.

போன் பண்ணவில்லை.

டிசம்பர் 6
52-வது நாள்.

டிசம்பர் 7
விடியுமுன் வண்டியை எடுக்கப் போனேன். அதே இடத்தில் மறுபடி கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து தோப் அங்கியின் கையை இறக்கிவிட்டார்.

டயர் இன்று வாங்கித் தருவதாகச் சொன்னார்.